நான் முடிக்கவிடாத வாக்கியம்

கர்த்தருக்குள் மிகுந்த மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு, ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் என் மனைவியும் ஆண்டவருடைய கிருபையால் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அது கிருபையோடு ஒத்துழைக்க மறுக்கிறது. அங்கே நீங்களும் சம்பந்தியம்மா அவர்களும் மாப்பிள்ளையும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடிகிறது. நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழியை நாலு மாதத்துக்கு முன்னால் நானே என் வாயால் அடைத்துவிட்டேன்.

அன்றைக்கு நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இருந்தாலும் நான் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு நிம்மதி. ஆராதனை முடிந்து நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். காப்பியை ஊதினீர்கள். "உங்க பொண்ணு எங்க வீட்டுக்கு வந்ததுலருந்து..." என்று ஆரம்பித்தீர்கள். ஆரம்பித்துவிட்டு ஒரு வாய் காப்பி குடித்தீர்கள். அந்த ஒரு வாய்க்குள் நான் புகுந்துவிட்டேன். அவளுக்குச் சமையல் வராது என்கிறீர்களா, காலையில் எழுந்திருக்க மாட்டாள் என்கிறீர்களா, எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வைக்க மாட்டாள் என்கிறீர்களா, கோபம் வந்தால் கதவை அடித்துச் சாத்துவாள் என்கிறீர்களா என்றெல்லாம், நீங்கள் சொல்லாத ஆறு குற்றச்சாட்டுகளுக்கு நான் ஆணித்தரமாகப் பதில் சொன்னேன். அதில் நாலு குற்றங்கள் அதுவரை உங்களுக்குத் தெரியவே தெரியாதாம். பிறகு மகள் சொன்னதாக மனைவி சொன்னாள். அத்தோடு நிறுத்தினேனா? கடிகாரம் பழுதுபார்க்கிறவருக்கு எதைப் பார்த்தாலும் முதுகைத் திறந்து கோளாறு தேடத்தான் தோன்றும் என்று உங்கள் தொழிலையும் இழுத்தேன். நீங்கள் கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தீர்கள். "அப்ப நான் கிளம்பறேன்" என்றீர்கள். அதை மட்டும்தான் அன்றைக்கு நான் உங்களை முழுசாகச் சொல்லவிட்டேன்.

இதற்கு என் பக்கத்து நியாயம் ஒன்று உண்டு, அது நியாயம் இல்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். ரயில் நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்துநாலு வருஷம் உட்கார்ந்தவன் நான். ஒரு நாளைக்கு எழுநூறு பேர் வந்து கேட்பார்கள். கேள்வி முடிகிறவரை காத்திருந்தால் வரிசை தெருவுக்குப் போய்விடும். "ஏழு மணி..." என்றால் "மூணாவது பிளாட்பாரம்" என்பேன். "இந்த வண்டி எங்..." என்றால் "நிக்காது" என்பேன். மேலதிகாரிகள் பாராட்டினார்கள். ஒரு தடவை ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்து "சார், என் பெட்டி..." என்றார். "எஞ்சின்லருந்து நாலாவது, சீக்கிரம் ஓடுங்க" என்றேன். அவரும் ஓடினார். அவர் தொலைத்தது துணிமணி வைத்திருந்த தோல்பெட்டி என்று, வண்டி அவரோடு புறப்பட்டுப் போன பிறகு, பக்கத்தில் நின்றவர் சொல்லித் தெரிந்தது. அப்போதே நான் திருந்தியிருக்க வேண்டும். நான் அதை ஒரு வேடிக்கைக் கதையாக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நீங்கள் போன பிறகு என் மகள் என்னிடம் பேசுவதை நிறுத்தினாள். அம்மாவுக்குப் போன் செய்வாள், "அப்பா மாத்திரை போட்டாங்களா?" என்பாள், அவ்வளவுதான். மனைவி போனை என் பக்கம் நீட்டினால் அந்தப் பக்கம் வேலை வந்துவிடும். ஒரு மாதம் வீம்பாக இருந்தேன். இரண்டாவது மாதம் போதகரிடம் போய், சம்பந்தி மனம் மாற ஜெபிக்க வேண்டும் என்று கேட்டேன். (மன்னிக்கவும், அப்போது நான் அந்த நிலையில்தான் இருந்தேன்.) போதகர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"ஐயா, நீங்க ஜெபம் பண்றதை நான் பல தடவை கேட்டிருக்கேன். ஆண்டவருக்கு நேரம், தேதி, எந்த வழியா வரணும், எல்லாம் சொல்லிடறீங்க. ஆமென் சொன்ன கையோட எழுந்து போயிடறீங்க. அவர் பதில் சொல்ல வாயெடுத்தா நீங்க வாசலைத் தாண்டியிருக்கீங்க."

நான் அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தினார்.

"கண் தெரியாத ஒருத்தர் இயேசுகிட்ட வந்து நின்னாரே, அவருக்கு என்ன வேணும்னு ஊருக்கே தெரியும். இயேசுவுக்குத் தெரியாதா? இருந்தும், நான் உனக்கு என்ன செய்யணும்னு கேட்டார். கேட்டுட்டு அந்த மனுஷன் வாயைத் திறந்து சொல்ற வரைக்கும் நின்னார். எல்லாம் தெரிஞ்சவரே நின்னார்னா, ரயில் நேரம் மட்டும் தெரிஞ்ச நாம நிக்கக்கூடாதா?"

வீட்டுக்கு வருகிற வழி முழுக்க அது முள்ளாகக் குத்தியது. அன்றைக்கே தீர்மானம் எடுத்தேன். சும்மா தீர்மானம் இல்லை, முழங்காலில் நின்று எடுத்த தீர்மானம், அதுவும் எந்த முழங்கால் என்று உங்களுக்குத் தெரியும். யார் பேசினாலும் முழுசாகக் கேட்பேன். அவர்கள் நிறுத்திய பிறகும் மனசுக்குள் ஏழு எண்ணுவேன். எண்ணி முடித்து, "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்பேன். அதன் பிறகுதான் என் வாய் திறக்கும். என்ன வந்தாலும் இதிலிருந்து பின்வாங்குவதில்லை.

என்னென்ன வந்தது என்று கேளுங்கள். முதல் நாள் முடி வெட்டப் போனேன். முடிதிருத்துபவர் என்னைப் போல, பேச்சில் நிறுத்தம் வைக்காதவர். "மெஷின் போடட்டுமா சார், இல்ல கத்திரிதானா, வெயில் காலமா இருக்கு, ஒட்ட எடுத்துட்டா தலைக்கு நல்லது, எங்க மச்சானும் அப்படித்தான் எடுத்துக்கிட்டார்" என்று போய்க்கொண்டே இருந்தார். அவர் முடிக்கட்டும் என்று நான் காத்திருந்தேன். மச்சானுடைய கதை முடிந்தபோது என் தலையும் முடிந்திருந்தது. மனைவி கதவைத் திறந்து, யார் வேண்டும் என்று கேட்டாள். அந்த வாரமே சபைக் கமிட்டி கூடியது. பாடகர் குழுவுக்குப் பொறுப்பாளர் வேண்டும் என்றார்கள், என் பேரைச் சொன்னார்கள், "ஐயாவுக்கு ஆட்சேபம் இல்லையே?" என்றார்கள். நான் ஐந்தாவது எண்ணில் இருக்கும்போது கைதட்டி முடித்துவிட்டார்கள். சம்பந்தி, நான் பாடினால் பக்கத்தில் நிற்பவர் பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்ப்பார், அப்படிப்பட்ட குரல் எனக்கு. இப்போது வெள்ளிக்கிழமைதோறும் பதினாலு பேர் என் முன்னால் நின்று, எந்தச் சுருதியில் எடுக்கலாம் என்று கேட்கிறார்கள். நான் ஏழு எண்ணுகிறேன். அதற்குள் அவர்களே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒற்றுமையாகப் பாடியதில்லை என்று சபையில் பேச்சு.

இதையெல்லாம் விடுங்கள், ஒரு புதன்கிழமை போன் வந்தது. யாரோ ஒரு அம்மா. எடுத்ததுமே, "அண்ணே, நான் சொல்றதை இன்னைக்காவது முழுசா கேளுங்க" என்றார். எனக்கு அண்ணன் தம்பிதான் உண்டு, தங்கை கிடையாது. ஆனால் முழுசாகக் கேளுங்கள் என்று ஒருவர் கெஞ்சும்போது, தீர்மானம் எடுத்தவன் எப்படி இடைமறிப்பது? கேட்டேன். நாற்பது நிமிஷம். அவருடைய மாமியார் பாகம், வேலை பார்க்கும் தையல் நிறுவனத்து மேற்பார்வையாளர் பாகம், பிள்ளை பள்ளிக்கூடம் மாறிய பாகம், எல்லாம் கேட்டேன். அவர் அழுதார், மூக்கைச் சிந்தினார், நிறுத்தினார். ஏழு எண்ணிவிட்டு, "வேற ஏதாவது சொல்லணுமாம்மா?" என்றேன். "இல்லண்ணே" என்றார். "அம்மா, இது தப்பான நம்பர்" என்றேன். பிறகு, "இதை முன்னாடியே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!" என்று ஒரு சத்தம் போட்டாரே, காது இன்னும் அடைப்பாகத்தான் இருக்கிறது. மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடியும் அவரே அழைத்தார். "தப்பான நம்பர்னு தெரியும். எங்க அண்ணன்கிட்ட நேத்து பேசினேன், அவர் ரெண்டு நிமிஷத்துல புத்தி சொல்லி வெச்சுட்டார். மேற்பார்வையாளர் இன்னைக்கு என்ன சொன்னார்னு உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு" என்றார். என் மனைவி கதவோரம் நின்று, "யாருங்க அது தினமும்?" என்று கேட்டாள். "தப்பான நம்பர்" என்று உண்மையைச் சொன்னேன். உண்மைக்கு அன்றைக்கு எங்கள் வீட்டில் மதிப்பில்லை. பிறகு அவளையே போனில் பேச வைத்தேன். இப்போது அவர்கள் இருவரும்தான் பேசிக்கொள்கிறார்கள், என்னை அழைப்பதே இல்லை.

இத்தனைக்கும் நான் தளரவில்லை. மூன்றாவது மாதம் போதகர் என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். எங்கள் சபையில் பம்பு மெக்கானிக் ஒருவர் உண்டு, எழுபதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர். வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து படுத்திருந்தார். "யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறார், ஆபரேஷனுக்கும் தலையாட்ட மாட்டேங்கிறார், மூணு நாளா தள்ளிப்போகுது. நீங்க போங்க. போய்ப் பேசாதீங்க" என்றார் போதகர்.

வார்டில் நர்ஸ் என்னை அவருடைய கட்டிலுக்குக் கூட்டிப் போனார். பக்கத்து மேஜை முழுக்கப் பழம். தலையணைக்கு அருகில் மூன்று வேதப்புத்தகங்கள். "பாவம், ப... ப...ன்னு ஏதோ ஆரம்பிக்கிறார், அப்புறம் விட்டுடறார்" என்றார் நர்ஸ். விசாரித்தேன். முதல் நாள் வந்தவர், அவர் "ப..." என்றதும், பழம் கேட்கிறார் என்று வாங்கி வைத்தாராம். இரண்டாம் நாள் வந்தவர், பயமாக இருக்கிறது என்கிறார் என்று பயத்தைக் கடிந்துகொண்டு அரைமணி நேரம் ஜெபித்தாராம். அடுத்து வந்தவர்களெல்லாம் பைபிள் என்று புரிந்துகொண்டார்கள். வாயைக் காட்டிக் காட்டிச் சொன்னபோது இன்னும் கொஞ்சம் பழம் வந்ததாம்.

நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்தார், இன்னொரு ஆள் வந்துவிட்டான் என்கிற பார்வை. "ப..." என்றார். என் நாக்கின் நுனியில் 'பம்பு' என்று பதில் துடித்துக்கொண்டு நின்றது, சம்பந்தி. வீட்டில் பம்பை நிறுத்தாமல் வந்துவிட்டார், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதுதான் விஷயம் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டேன். ஏழு எண்ணினேன். எழுபது எண்ணினேன். உதட்டை ஈரப்படுத்த ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்தேன். அவர் கண்ணை மூடினார், திறந்தார், நான் போகவில்லை என்று பார்த்தார். "ப... ல்... லு" என்றார்.

பல்செட்! முதல் நாள் எக்ஸ்ரே எடுக்கும்போது கழற்றியதை யாரோ ஒரு காகிதக் கோப்பையில் போட்டு, மேஜை இழுப்பறைக்குள் வைத்து, அதன் மேல் பழப்பையை வைத்துவிட்டார்கள். நர்ஸ் கழுவிக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். அவர் தாடையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்துவிட்டு, தெளிவான குரலில் சொன்ன முதல் வார்த்தை, "இந்தப் பழத்தையெல்லாம் தூக்கி எறிங்க."

பிறகு பேசினார். நானும் கேட்டேன். ஆபரேஷன் வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லையாம். தூரத்தில் இருக்கும் மகள் மாசமாக இருப்பதால், பதறிவிடுவாள் என்று மகன் அவளிடம் எதையும் சொல்லாமல் மறைத்திருக்கிறார். "கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி அவ குரலைக் கேட்கணும். ஒருவேளை எழுந்திருக்கலைன்னா, அவளுக்குத் தெரியாமலே போனேன்னு ஆயிடும். அவ தாங்க மாட்டா. அதைச் சொல்லத்தான் தலையைக் குறுக்கே ஆட்டினேன்" என்றார். சொல்லும்போது அவர் கை போர்வையைக் கசக்கிக்கொண்டே இருந்தது. எனக்கு மூன்று யோசனைகள் வந்தன, மூன்றும் நல்ல யோசனைகள். எதையும் சொல்லவில்லை. "நான் உங்களுக்கு என்ன செய்யணும்?" என்று மட்டும் கேட்டேன். "என் பையன் வருவான். அவன் வக்கீல். நான் பேசி முடிக்கிற வரைக்கும் இங்கேயே இருங்க" என்றார்.

மகன் கோப்போடு வந்தார், அப்பாவைச் சம்மதிக்க வைப்பதற்கு வாதங்கள் தயாராக. "அப்பா, டாக்டர் என்ன சொல்றார்னா" என்று ஆரம்பித்தார். பெரியவர் "டேய், தங்கச்சிகிட்ட..." என்றார். "அவளை இதுல இழுக்காதீங்கப்பா, அவ பயந்துடுவா, ரத்த அழுத்தம் ஏறும்" என்று மகன் தொடர்ந்தார். என்னையே கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருந்தது. எழுந்து நின்றேன். "வக்கீல் சார், அப்பா வாக்கியத்துக்கு இன்னும் முற்றுப்புள்ளி வரலை" என்றேன். அவர் என்னை முறைத்தார். என் தலைமுடி வேறு அப்போது முளைத்தும் முளைக்காமலும் இருந்தது, நான் யார் என்று அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் வாயை மூடினார். பெரியவர் நிதானமாகச் சொல்லி முடித்தார். கடைசியாக, "அவ பயந்துடுவான்னு சொல்றியே, அவகிட்ட கேட்டியா?" என்றார்.

வக்கீல் கையிலிருந்த கோப்பை மூடினார். பிறகு போனை எடுத்துத் தங்கையை அழைத்து அப்பாவின் காதில் வைத்தார். மகள் பதறத்தான் செய்தாள். ஆனால் இரண்டே நிமிஷத்தில் தேறி, "அப்பா, பிள்ளைக்கு நீங்கதான் வந்து பேர் வைக்கணும், ஒழுங்கா ஆபரேஷன் பண்ணிக்குங்க" என்று அதட்டியது எனக்கே கேட்டது. மறுநாள் காலை ஆபரேஷன் ஆயிற்று. இப்போது வாக்கர் பிடித்து வராந்தாவில் நடக்கிறார், என்னைப் பார்த்தால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் பேசுகிறார்.

பெரியவர் மகளோடு பேசிய அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்து முதல்முறையாக, ஒன்றும் கேட்காமல் ஜெபித்தேன். சும்மா இருந்தேன் என்று சொல்வதே சரி. ஆண்டவர் என் காதில் எதுவும் பேசவில்லை. ஆனால் என் மகளுடைய முகம் வந்தது, வந்தது போகவே இல்லை. வீட்டுக்குப் போய் அவளை அழைத்தேன். "பேசும்மா. நான் கேட்கிறேன்" என்றேன். நிறுத்திவிட்டேன்.

"அப்பா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"இல்ல, சத்தத்தையே காணோம், அதான்."

அப்புறம் அவள் சொன்னாள். "சின்ன வயசுலருந்து 'அப்பா, எனக்கு'ன்னு ஆரம்பிச்ச ஒண்ணைக்கூட நான் முடிச்சதே இல்லப்பா. நீங்க வாங்கிக் குடுத்துடுவீங்க, இல்லைன்னா திட்டிடுவீங்க. எது கேட்க வந்தேன்னு எனக்கே மறந்துபோயிடும். என்னை விடுங்க. அன்னைக்கு மாமா அந்த வாக்கியத்தை ரெண்டு நாளா மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துட்டு வந்தார்." மாமா என்ன சொல்ல வந்தார் என்று கேட்டேன். "அதை மாமாகிட்டயே கேளுங்க. கேட்டா மட்டும் போதாது, கேட்டு முடிங்க" என்றாள்.

ஆகவே சம்பந்தி அவர்களே, உங்கள் தொழிலைப் பற்றிச் சொன்ன வார்த்தைக்கு முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். நான் அப்படிச் சொன்ன வாரமே எங்கள் சுவர்க்கடிகாரம் நின்றுவிட்டது, வேறு யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தயவுசெய்து எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். குறையாக இருந்தாலும் சொல்லுங்கள், குற்றமாக இருந்தாலும் சொல்லுங்கள், எத்தனை வாய் காப்பி வேண்டுமானாலும் நடுவில் குடியுங்கள். நான் வாய் திறக்க மாட்டேன். மறுபடியும் சறுக்கினால் மறுபடியும் முழங்காலில் நிற்பேன், ஆனால் இதை விடுவதாக இல்லை.

சம்பந்தியம்மா அவர்களுக்கு எங்கள் வணக்கத்தையும், மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசீர்வாதத்தையும் சொல்லவும். உங்கள் வீட்டு வாசலைச் சமாதானத்தின் தேவன் காப்பாராக.

இப்படிக்கு,
கேட்கத் தயாராகக் காத்திருக்கும்
உங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது என் மனைவி வந்து, "சம்பந்தி என்ன எழுதியிருந்தார்?" என்று கேட்டாள். இன்று காலை, நான் இந்தக் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் இருக்கும்போது, உங்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கவனம் சிதறக்கூடாது, பதிலை எழுதி முடித்துவிட்டு நிதானமாகப் பிரிக்கலாம் என்று ஓரமாக வைத்திருந்தேன். மனைவி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உடனே பிரித்தேன். 'உங்கள் மகள் எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து எங்களுக்கு ஒரு நிமிஷம்கூட அமைதி கிடையாது' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியா சங்கதி! ஆகவே மேலே கேட்ட மன்னிப்பை இதன்மூலம் வாபஸ் வாங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரவேண்டிய அவசியம் இல்லை. இரண்டாவதாக,

இரண்டாவதாக, தாளைத் திருப்பிப் பார்க்கும்படி என் மனைவி சொன்னாள். திருப்பினேன். நீங்கள் மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு எழுந்தவர்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த அமைதியை என் மகள் வந்து கலைத்தாள் என்றும், இப்போதெல்லாம் சம்பந்தியம்மா சாப்பிடும்போது சிரிக்கிறார் என்றும், அதற்கு எங்களுக்கு நன்றி சொல்லத்தான் அன்று வந்தீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நாலு தடவை படித்தேன். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். இந்தப் பக்கத்தில் எதை அடிப்பது, எதை விடுவது என்று தெரியாததால் இருக்கிறபடியே அனுப்புகிறேன். தயவுசெய்து கடைசிவரை படித்த பிறகு கோபப்படவும்.